ஈறு கெட்ட ஏடுகள்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கரையில் பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனது. வெள்ளம் வடிந்த பிறகு, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இளமையில் வில்லுப்பாட்டுப் பாடிய பெரியவர் ஒருவரின் வீட்டிலிருந்து நமக்கு அழைப்பு வந்தது. பரணில் இருந்த ஒரு பெட்டி வெள்ளத்துக்குத் தப்பியிருந்தது. ஆனால் ஓட்டுக்கூரை ஒழுகி அதற்குள்ளும் ஈரம் இறங்கியிருந்தது. உள்ளே ஒரு கட்டு ஓலைச்சுவடியும் ஐந்தாறு கையெழுத்துக் குறிப்பேடுகளும் இருந்தன. குறிப்பேடுகளில் ஒன்று முத்துப்பட்டன் கதையின் பிரதி.

நாமும் நம் மாணவர்கள் சிலரும் சென்று, தாள்களை நிழலில் உலர்த்திக்கொண்டே படம் எடுத்தோம். கையில் இருந்த கருவிகள் எல்லாம் பயன்பட்டன. பலரிடம் சாதாரணக் கைப்பேசி, ஒருவரிடம் ஐஃபோன், துறையில் கிடந்த பழைய கேமரா ஒன்று. உறுதியாக இருந்த சில தாள்களை ஸ்கேனரில் வைத்தும் எடுத்தோம். மொத்தம் 186 படங்கள். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அவற்றை வாங்கி, இணையத்தில் யாரும் பார்க்கும்படி தொகுத்துக் கொடுத்தார். படங்கள் வரிசையாகத் திறந்தன. நாம் பெருமிதத்தோடு பெரியவருக்குச் செய்தி அனுப்பினோம்.

அவர் பேரனின் கைப்பேசியில் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மறுநாள் கேட்டார்: “என்ன ஐயா, பட்டனுக்குக் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள செத்துட்டாம்லா?”

சிரித்துவிட்டுத்தான் எண்ணிப் பார்த்தோம். 186இல் 127 படங்களே அங்கு இருந்தன. 59 படங்கள் இல்லை. கேமராவில் எடுத்தவை 38, ஐஃபோனில் எடுத்தவை 15, ஸ்கேனரில் எடுத்தவை 6. கல்யாணக் காட்சி முழுவதும் கேமராவில் எடுத்த பக்கங்களில் இருந்தது. எங்கும் ஒரு பிழைச் செய்தி இல்லை. இடைவெளி என்று காட்டும் ஒரு வெற்றிடம்கூட இல்லை. 41ஆம் பக்கத்தை அடுத்து 60ஆம் பக்கம், இயல்பாக, எதுவுமே நடவாததுபோல் நின்றது.

இந்த 59 படங்களை விழுங்கியது ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் இங்குப் பேச விரும்புகிறோம். இது கணினிக்காரர்களின் சங்கதி என்று இலக்கிய வாசகர்கள் புரட்டிவிட்டுப் போய்விட வேண்டாம். அந்த வரி பதிப்பியலைச் சேர்ந்தது என்பதே நம் கட்சி.

இணையதளங்களை உருவாக்குவோர் இன்று எழுதிய கோப்புகளை அப்படியே ஏற்றுவதில்லை. நிரல்கள், அலங்காரக் கோப்புகள், படங்கள் ஆகியவற்றை ஒன்றுதிரட்டி, சுருக்கி, பெயரிட்டுத் தருவதற்குத் தொகுப்புக் கருவிகள் இருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று வெப்பேக். இந்தக் கருவிக்கு இயல்பாகப் படம் என்றால் என்னவென்று தெரியாது. எந்த ஈற்றில் முடியும் கோப்புகளைப் படமாகக் கொள்ள வேண்டும் என்பதை நாம்தான் ஒரு விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு இதற்கென்று தனித்தனி ஏற்றிகளை நிறுவ வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து அந்த வசதி கருவிக்குள்ளேயே அமைந்துவிட்டது. ஆனால் விதியை எழுதும் பொறுப்பு மட்டும் மனிதரிடமே இருக்கிறது.

நம் மாணவர் எழுதிய விதியை அவரே வாசித்துக் காட்டினார். ஒரு புள்ளி, அதன்பின் பிஎன்ஜி அல்லது ஜேபிஜி அல்லது ஜேபிஇஜி அல்லது எஸ்விஜி, அத்தோடு பெயர் முடிய வேண்டும். இவ்வளவுதான். வாசிக்கக் கேட்டபோது நமக்கு வகுப்பறை நினைவுதான் வந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிற்பகுதியில் உயிர்மயங்கியலும் புள்ளிமயங்கியலும் குற்றியலுகரப் புணரியலும் சொற்களை அவற்றின் ஈறு நோக்கியே வகைப்படுத்துகின்றன. இன்ன ஈறு வந்தால் இன்ன விதி என்பது தமிழ் படித்தவனுக்குப் புதிதன்று. ஜேபிஜி, ஜேபிஇஜி என்ற இரண்டையும் ஒரே குறியால் அடக்கி, நடுவில் உள்ள எழுத்து வரினும் வரலாம், வாராமலும் போகலாம் என்று எழுதும் முறையும் அந்த விதியில் உண்டு. அதை நாம் விகற்பம் என்போம். அந்தப் புள்ளியின் முன்னால் ஒரு சாய்கோடு இட வேண்டும். இடாவிட்டால் அந்தப் புள்ளி ‘எந்த எழுத்தானாலும் சரி’ என்று பொருள்பட்டுவிடும். சாய்கோடு வந்தால்தான் அது வெறும் புள்ளி. மெய்யின் தலையில் புள்ளி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் விளக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் இடர்ப்பாடு இல்லை.

பிறகு எங்கே தவறு? ஆங்கிலத்தில் எழுத்துகள் பெரியவை, சிறியவை என இருவகை. பழைய கேமரா தன் கோப்புகளின் ஈற்றைப் பெரிய எழுத்தில் எழுதுகிறது. விதி சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கருதுமாறு விதியின் கடைசியில் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால் போதும். சேர்க்கவில்லை, 38 பக்கங்கள் போயின. ஐஃபோன் 2017 முதல் ஹெய்க் என்ற வகையில் படங்களைச் சேமித்து வருகிறது. அந்த ஈறு விதியில் இல்லை. ஸ்கேனர் கொடுத்தவை டிஃப் வகை, அதுவும் இல்லை.

இதை அறிந்தவுடன் இன்னொரு மாணவர் ஒரு குறுக்குவழி கண்டார். ஹெய்க் கோப்புகளின் பெயரில் ஈற்றை மட்டும் அழித்துவிட்டு ஜேபிஜி என்று மாற்றி எழுதினார். கருவி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. ஆனால் உலாவியில் படத்துக்குப் பதில் உடைந்த சட்டம் ஒன்றுதான் தெரிந்தது. கோப்பு எந்த வகை என்பது அதன் உள்ளே, முதல் சில பைட்டுகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கருவியோ பெயரின் ஈற்றை மட்டும் பார்க்கிறது. பெயரைத் திருத்தியதால் பொருள் திருந்திவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பில் சொல்ல நமக்குக் கிடைத்ததில்லை.

கருவியின் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. ஒரு படத்தை நிரலில் பெயர் சொல்லி அழைத்து, அதன் வகைக்கு விதி இல்லையென்றால், வெப்பேக் வேலையை நிறுத்திவிட்டு, இந்த வகைக் கோப்பைக் கையாள ஏற்றி ஒன்று வேண்டும்போலும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அது நேர்மை. ஆனால் நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக யார் அழைப்பார்கள்? கோப்புறையைக் காட்டி, இந்த ஈறுகளில் முடிவனவற்றை எல்லாம் எடுத்துக்கொள் என்றே எழுதுவார்கள். அப்போது விதிக்குள் வராதவை பிழை ஆவதில்லை. அவை இல்லாதவை ஆகிவிடுகின்றன. இந்த வேறுபாடுதான் நம்மை உறுத்துகிறது. மறுக்கப்பட்ட கோப்புக்கு ஒரு முறையீடாவது உண்டு. கண்ணில் படாத கோப்புக்கு அதுவும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கு ஏடு தேடிய வரலாறு உள்ள மண். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தார். அதற்கான ஏடுகளைத் தேடித் திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகிய ஊர்களின் கவிராயர் வீடுகளில் அவர் அலைந்ததை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பகுதியில் சில பெயர்கள் விடுபட்டிருப்பதை அறிந்து, அவற்றைத் தேடித் தருமபுர ஆதீனத்து ஏடுகளில் கண்டெடுத்ததும் அந்தக் கதையின் பகுதிதான். அவர் தேட முடிந்ததற்குக் காரணம், விடுபட்டது விடுபட்டதாகத் தெரிந்ததே. முரிந்த ஓலை தன் முரிவை மறைப்பதில்லை. செல்லரித்த இடம் ஓட்டையாக நிற்கும். பதிப்பாசிரியரும் அந்த இடத்தில் புள்ளிகளை இட்டு, இங்கு ஏடு சிதைந்துள்ளது என்று குறிப்பு எழுதுவார். கரையான்கூட இவ்வளவு நேர்மையாக இருக்கும்போது, நாம் எழுதிய விதி அவ்வாறு இல்லையே என்பதுதான் வருத்தம்.

விடுபடும் பக்கம் எதுவாக இருந்தாலென்ன என்று கேட்கலாம். முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களும் வாலப்பகடையின் மக்கள் என்றே கதை செல்கிறது. ஆனால் அவர்கள் பிராமணக் குலத்தில் பிறந்து, காட்டில் கிடைத்து, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லும் பாடங்களும் உண்டு. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது, அது பின்னால் நுழைக்கப்பட்டது என்று காரணங்காட்டி விளக்கினார். பிராமணன் ஒருவன் சக்கிலியப் பெண்களை மணந்து, அவர்களுடைய மாடுகளுக்காகப் போரிட்டு மாண்டான் என்பதை ஏற்க இயலாதவர்கள் செய்த வேலை அது. சில வரிகள் கூடுவதிலும் குறைவதிலும் ஒரு கதையின் அறமே இடம் மாறிவிடும் என்பதை அந்தப் பதிப்பு நமக்குக் கற்பித்தது. அன்று பாடத்தை மாற்றியவர்களுக்கு ஒரு நோக்கமாவது இருந்தது. இன்று ஒரு விதியில் ஓர் எழுத்து இல்லாததால் அதே வேலை நோக்கமே இல்லாமல் நடந்துவிடுகிறது.

இனி, எந்த வகைகளை ஏற்பது என்ற கேள்விக்கு வருவோம். எல்லாவற்றையும் ஏற்றுவிடு என்பது விடையாகாது என்று நம் மாணவர் வாதிட்டார். அவர் வாதம் சரியானதே. டிஃப் 1986இல் பிறந்த வகை. படத்தின் எந்த நுணுக்கத்தையும் இழக்காமல் காக்கவல்லது. அதனால் ஆவணக் காப்பகங்கள் மூலப்படியாக அதையே விரும்புகின்றன. ஆனால் பெரும்பாலான உலாவிகள் அதைக் காட்டுவதில்லை; ஒரு கோப்பே பல மெகாபைட் இருக்கும். வல்லநாட்டில் பேருந்துக்காக நின்றுகொண்டே கைப்பேசியில் பார்க்கும் ஒருவருக்கு அதைக் கொடுப்பது, நீர்மோர் கேட்டவர் முன் பசுவைக் கொண்டுவந்து கட்டுவதற்கு ஒப்பாகும். எஸ்விஜி கோடுகளால் ஆன வகை. கல்வெட்டை மையொற்றி வரைந்த படத்துக்கும் கோலத்துக்கும் அதுவே ஏற்றது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாது. ஆனால் அதற்குள் நிரலையும் ஒளித்துவைக்க முடியும் என்பதால், முகமறியாதவர் அனுப்பும் எஸ்விஜியை அப்படியே ஏற்பது பாதுகாப்பன்று. ஆகவே பட்டியல் ஒன்று வேண்டும். அதில் மறுப்பும் வேண்டும்.

ஆனால் ஜேபெக் ஒன்றே போதும் என்ற எளிய முடிவையும் நாம் ஏற்பதற்கில்லை. ஜேபெக் 1992இல் தரப்படுத்தப்பட்டது. இயற்கைக் காட்சிக்கும் முகத்துக்கும் மிக நல்லது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தேவையில்லை என்று தான் கருதும் நுட்பங்களை உதிர்த்துவிடுகிறது. அளவைக் குறைக்க வேண்டி அதிகமாக அழுத்தினால், எழுத்தின் கூரிய விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் நிழலாடும். மங்கலான சிறு குறிகள் கரைந்துபோகும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது. அத்தகைய ஏட்டில், எழுத்தாணி பட்டும் படாமலும் விட்டுச் சென்ற ஒரு கீறல்தான் சில இடங்களில் பாடத்தையே தீர்மானிக்கும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தேவையா இல்லையா என்பதைச் சுருக்கும் கணக்கு முடிவுசெய்யக் கூடாது. 1996இல் வந்த பிஎன்ஜி எதையும் உதிர்ப்பதில்லை. அளவு கூடும், அவ்வளவே.

அழுத்தம் என்பது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2013இல் உலகம் ஒரு சாட்சியைக் கண்டது. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது தாளில் இருந்த எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஆறு எட்டாகிவிட்டது. ஜேபிக்2 என்ற சுருக்க முறையில், ஒன்றுபோல் தோன்றும் சிறு வடிவங்களுக்குப் பதிலாக ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப இட்டு இடத்தை மிச்சப்படுத்தியதன் விளைவு அது. மங்கலாக விழுந்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். தெளிவாக, அழகாக, தவறாக விழுந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. ஏடெழுதுவோன் செய்யும் பிழையை நாம் அறிவோம். அவனுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். இந்தப் புதிய ஏடெழுதுவோனுக்கு இன்னும் பெயரிடவில்லை.

வகைக்கு அடுத்து, பெயர். இதையும் நாம் தற்செயலாகவே கண்டோம். நாம் கொடுத்த கோப்புகளுக்குக் குறிப்பேட்டின் எண்ணையும் பக்க எண்ணையும் பெயராக வைத்திருந்தோம். தொகுத்து வந்த இடத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த பொருளற்ற நீண்ட கோவைகள் இருந்தன. கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பெயரிடுவது அந்தக் கருவியின் இயல்பான நடைமுறை; உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும், அதனால் உலாவி பழைய படத்தையே காட்டிக்கொண்டிராது. நல்ல காரணம்தான். ஆனால் ஏட்டின் ஓரத்தில் எழுதிய எண்ணை நறுக்கி எறிந்துவிட்டுக் கட்டுக் கட்டிய கதையாகிறது. ஒருவர் அந்தப் படத்தைத் தம் கணினியில் இறக்கிவைத்தால், அது எந்தச் சுவடியின் எத்தனையாம் ஏடு என்பதற்கு ஒரு சான்றும் கோப்பில் இல்லை. பழைய பெயரையும் சேர்த்து வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினால் கருவி கேட்கிறது. எழுதச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இணையத்தில் தமிழ் வாசிப்பவர்களுக்கு இது முற்றிலும் புதிய துயரம் அன்று. ஆளுக்கோர் எழுத்துருவில் தட்டச்சிட்ட காலத்தில், எழுத்துரு மறைந்தபோது எழுதியதும் மறைந்தது. எத்தனை சிற்றிதழ்களின் கட்டுரைகள் இன்று புரியாத குறிகளின் குவியலாகக் குறுந்தகடுகளில் கிடக்கின்றன! அன்றும் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தவர் அச்சகத்தில் தட்டச்சு செய்த ஒருவர். நாம் அது நம் வேலை அன்று என்று இருந்துவிட்டோம்.

அதே தவறை மீண்டும் செய்ய வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள். மின்மயமாக்கம் என்ற சொல் இன்று எல்லாத் தமிழ்த் துறைகளிலும் ஒலிக்கிறது. படம் எடுப்பதோடு தமிழாசிரியர் பணி முடிந்தது, மற்றது கணினித் துறையின் பாடு என்று நாம் ஒதுங்குகிறோம். அவர்களோ, படங்கள் திறக்கின்றனவா, விரைவாகத் திறக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அவர்களிடம் வேறெதையும் நாம் கேட்டதில்லை. நம் மாணவர் தவறு செய்யவில்லை. இந்தக் குறிப்பேட்டில் எத்தனை பக்கம், எந்தெந்தக் கருவியில் எடுத்தோம் என்ற பட்டியலை அவரிடம் கொடுக்காதது நம் தவறு.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எடுத்தவை எடுத்தபடியே, எந்த வகையாயினும், மூலப்படிகளாக இரண்டு இடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தொகுப்புக் கருவி தொடுவதில்லை. அவற்றிலிருந்து காட்சிக்கான படிகளை உருவாக்கி, ஓலைகளுக்கு பிஎன்ஜியும் குறிப்பேடுகளுக்கு அதிகம் அழுத்தாத ஜேபெக்கும் கொடுத்திருக்கிறோம். பெயர்களில் பக்க எண் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொகுக்கும்போது கோப்புறையில் உள்ளவற்றின் எண்ணிக்கையும் ஏற்றவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்தி, விடுபட்டவற்றின் பெயரைச் சொல்லும்படி பத்து வரிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்து வரிகளை எழுத மாணவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவற்றை எழுதச் சொல்ல வேண்டும் என்று நாம் அறிவதற்கு ஒரு பெரியவர் கல்யாணத்தைத் தேட வேண்டியிருந்தது.

அவர் தேடாமல் இருந்திருந்தால்? ஐஃபோன் வைத்திருந்த மாணவர், பக்கங்கள் வெளியானதும் இடம் வேண்டித் தம் கைப்பேசியிலிருந்த படங்களை அழித்துவிட்டார். குறிப்பேடுகளில் இரண்டு அடுத்த மாதமே பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டன. இனி அவற்றைப் பிரிக்க இயலாது. ஒரு கோப்புறையில் ஒரே ஒரு படி மீந்திருந்ததால் அந்தப் பக்கங்கள் இன்று இருக்கின்றன.

பெரியவருக்குத் திருத்திய பக்கங்களைக் காட்டினோம். கல்யாணக் காட்சியை மெல்ல வாய்விட்டுப் பாடினார். பாடி முடித்து, “இன்னும் ரெண்டு அடி உண்டு, அது நோட்டுலயே கிடையாது” என்றார். நாம் குறிப்பேட்டைத் திறந்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டோம்.